இடது பக்கம் ரெண்டடி

வேணாம் ஹார்மன், வண்டிய வெளிய எடுக்காதீங்க. சாவிய அங்கயே மாட்டுங்க. சொல்றேன்ல, உள்ளயே நிக்கட்டும்.

வெளிச்சமா? வெளிச்சம் பிரமாதமா இருக்கு, அது இல்ல விஷயம். நான் கேமராவே எடுத்துட்டு வரல. ஆமா, இருபத்தோரு வருஷத்துல இதான் முதல் தடவ. நம்ம நாட்டுல வண்டிய படம் எடுக்க நான் போகாத ஃபயர் ஸ்டேஷன் இன்னும் முப்பதோ நாப்பதோதான் இருக்கும். எங்க வீட்டு ஆல்பத்தப் பாத்துட்டு என் பொண்டாட்டி ஆன்கே சொல்லுவா, இந்த வீட்ல பெத்த புள்ளைங்க படத்தவிட சிவப்பு வண்டி படம்தான் அதிகம்னு.

காப்பி போதும். பிஸ்கட்டும் ஒண்ணு எடுத்தாச்சு, டப்பாவ மூடிருங்க. காப்பிக்கு ஆளுக்கு ஒரு பிஸ்கட்டுங்கிற ஊர் வழக்கத்த எனக்காக மாத்த வேணாம்.

உங்க கார்டு வந்துச்சு. வெள்ளிக்கிழமையோட கமாண்டர் பொறுப்ப விடுறேன், கடைசியா வண்டியோட ஒரு படம் எடுத்துக் குடுங்கன்னு எழுதிருந்தீங்க. அதப் படிச்சுட்டுத்தான் கிளம்பி வந்தேன். ஏன் விடுறீங்கன்னு எனக்குத் தெரியும். அந்த பாப்ளர் மரங்களுக்கு அந்தப் பக்கம் தனியா இருந்தாங்களே ஹில்லி, அவங்கதானே?

இல்ல, பேசித்தான் ஆகணும். நீங்க பேச வேணாம், நான் பேசுறேன்.

அன்னைக்கு சனிக்கிழமை காலையில நான் கேட்டேன்னுதான் வண்டிய வெளிய எடுத்தீங்க. நான் கேட்டேன்னுதான் பக்கவாட்டு ஷட்டரெல்லாம் தூக்கி, ஓஸ், ஏணி, மூச்சுக் கருவின்னு எல்லாத்தையும் தரையில வரிசையா பரப்பி வச்சீங்க. உங்க ஆளுங்க எல்லாருமே வேற வேலை பாத்துட்டே தீயணைக்க வர்றவங்கதானே, ரோல்ஃப் பேக்கரிய அப்படியே விட்டுட்டு மாவுக் கையோட ஓடி வந்தான். வண்டிக்குப் பின்னாடி சாத்திருந்த அவன் சைக்கிள எடுக்கச் சொன்னேன். குப்பைத்தொட்டிய நகத்தச் சொன்னேன். இந்தாள விட்டா சர்ச் கோபுரத்தையும் தள்ளி வைக்கச் சொல்லுவாருன்னு நீங்ககூட கிண்டல் பண்ணீங்க. வண்டிப் படம் எடுக்குற எங்க ஆளுங்க எல்லாருமே இப்படித்தான் ஹார்மன். படத்துல வண்டி மட்டும்தான் இருக்கணும், பின்னாடி ஒரு துணிக்கொடி தெரிஞ்சாகூட எங்களுக்கு ஆகாது.

அப்புறம் ஹில்லி வீட்ல தீன்னு உங்க பேஜரெல்லாம் ஒண்ணா கத்துச்சு. பரப்பினத அள்ளி உள்ள வைக்க மூணு நிமிஷம். நீங்க அத மறைக்கல. படத்துக்காகத்தான் பரப்பினோம், முடிவு என்னுதுன்னு விசாரணையில நீங்களே எழுதிக் குடுத்தீங்க. வேற எவனா இருந்தாலும் சாமான் சோதனைன்னு எழுதிட்டுப் போயிருப்பான். ஹில்லிய வெளிய தூக்கிட்டு வந்ததும் நீங்கதான். கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பொழச்சிருப்பாங்கன்னு டாக்டர் சொன்னாராமே. ரெண்டு வருஷமா அந்த மூணு நிமிஷத்த சுமந்துட்டே இருக்கீங்க. ஊர்ல ஒருத்தர்கூட உங்கள ஒரு வார்த்த கேக்கலன்னு ரோல்ஃப் சொன்னான். மூஞ்சிக்கு நேரா திட்டிருந்தாக்கூட உங்களுக்குத் தேவலையா இருந்திருக்கும்.

இருங்க, நான் ஆறுதல் சொல்ல வரல. அப்படிப்பட்ட ஆளா இருந்தா அப்பவே வந்திருப்பேன். எனக்குப் பயம். அவ்வளவுதான்.

இந்தக் கவர்ல ரெண்டு படம் இருக்கு. ஒவ்வொரு படத்துலயும் கேமராவே மணி போட்டுரும். ரெண்டுலயும் பத்து நாப்பத்தொண்ணு. பேஜர் அடிச்சது பத்து நாப்பத்தாறு, உங்க அறிக்கையிலயே இருக்கு. அஞ்சு நிமிஷம், ஹார்மன்.

முதல் படத்தப் பாருங்க. ஹில்லி வீட்டுப் பக்கம் முதுகக் காட்டிட்டு எல்லாரும் சிரிச்சுட்டு நிக்கிறீங்க. வண்டிக்கு மேல, பாப்ளர் மரத்த ஒட்டி, சாம்பல் கலர்ல மெல்லிசா ஒரு கோடு போகுதுல்ல? கண்ணாடிய போட்டுட்டுப் பாருங்க. ம், அதேதான். அந்தப் பக்கம் பாத்துட்டு நின்னது நான் ஒருத்தன்தான்.

ரெண்டாவதுல தேடாதீங்க, இருக்காது. யாரோ தோட்டத்துல சருகு கொளுத்துறாங்கன்னு நினைச்சேன். இடது பக்கம் ரெண்டடி நகந்து, கொஞ்சம் குனிஞ்சேன், வண்டி அத மறைச்சிருச்சு. அவ்வளவு சுத்தமா ஒரு படம் அதுக்கு முன்னாடி நான் எடுத்ததே இல்ல.