கறுப்பு மொச்சை

— இன்னொரு தடவை எண்ணுங்கம்மா. என் கண்ணு மங்கிப் போச்சு, நான்தான் தப்பா எண்ணியிருப்பேன்.

— மூணு தடவை எண்ணியாச்சு மெங்கா. வெள்ளை பதினொண்ணு. கறுப்பு ஒண்ணு.

— ஐயோ என் மாதாவே! அந்தப் பொண்ணு மூணு நாளா வாசலறையில உக்காந்திருக்கா. வெளிய அவ சித்தப்பன் கோவேறு கழுதையைக் கட்டிப்போட்டுட்டு, திண்டு மேல குந்திட்டிருக்கான். மத்தியான மணி அடிச்சதும் முடிவு என்னன்னு கேப்பான். சேத்துக்கலைன்னு சொன்னா, அப்படியே இழுத்துட்டுப் போய் அந்த ஆட்டு வியாபாரிக்குக் கட்டி வச்சிடுவான். ரெண்டு பொண்டாட்டியை அடிச்சே குழியில இறக்கினவன்மா அவன்! ஊருக்கே தெரியும்.

— தெரியும்.

— தெரியும்னு சொல்லிட்டு இப்படியே நின்னா எப்படி?

— என்ன பண்ணச் சொல்ற? இந்த வீட்டுல இருக்கிற ஒருத்தி சம்மதமில்லைன்னு கறுப்பு போட்டாலும் கதவு திறக்காது. நான் எழுதின சட்டம். நம்ம நாலு கன்னியர் மடத்துலயும் அதுதான்.

— அப்ப ஒண்ணு பண்றேன். இந்தக் கறுப்பை வாயில போட்டு முழுங்கிடறேன். பானையில பதினொண்ணுதான் விழுந்துச்சு, மெங்கா கிழவி போட மறந்துட்டான்னு சொல்லிடுங்க. மறதிக்காரின்னு எனக்கு ஏற்கெனவே நல்ல பேரு இருக்கு.

— உனக்குப் பல்லே இல்லையே.

— ஊறின மொச்சைக்குப் பல்லு எதுக்கு?

— என்ன சொன்ன?

— ஒண்ணும் சொல்லல.

— ஊறினதுன்னு சொன்ன.

— அம்மா, நாப்பது வருஷமா அடுப்படியில கிடக்கிறவ நான். நேத்து சாயங்காலம் ஆளுக்கு ஒரு வெள்ளை, ஒரு கறுப்புன்னு நான்தானே பிரிச்சுக் குடுத்தேன்? எல்லாம் நல்லாக் காஞ்சது. இப்பப் பானையைக் கவுத்தா பதினொண்ணு கலகலன்னு விழுது. இது மட்டும் சத்தமே போடல. தொட்டுப் பாருங்க. தோல் சுருங்கி, பிசுபிசுன்னு இருக்கு. ராவெல்லாம் ஒருத்தி உள்ளங்கையில வச்சு இறுக்கிட்டே இருந்திருக்கா. உங்க கையைக் காட்டுங்க.

— வேணாம்.

— காட்டுங்க எஜமானியம்மா! பாருங்க, நகம் பதிஞ்சு ரத்தம் கட்டியிருக்கு.

— எஜமானின்னு கூப்பிடாத.

— கோவம் வந்தா எனக்குப் பழைய வாய்தான் வரும். மடம் கட்டறதுக்கு முன்னாடி உங்க வீட்டு வேலைக்காரிதானே நான். நீங்களாம்மா போட்டீங்க?

— நான்தான் போட்டேன்.

— உங்க பிள்ளை நேரியைக் குத்திக் கொன்னவன் கையை, மன்னிச்சேன்னு ஊரே பாக்க உதட்டை வச்சு முத்தி பண்ணினவங்களா, அவன் பொண்ணுக்குக் கறுப்பு போட்டது? அந்த ஒரு முத்தியைப் பாத்துத்தானே ஊர்ப் பெரியவரு நிலம் குடுத்தாரு? பெருஜா பட்டணத்துல இருந்து பொம்பளைங்க வண்டி கட்டிட்டு வந்து, "எங்களையும் சேத்துக்கோங்க தாயே"ன்னு விழுந்தாங்க! நாலு மடமும் அது மேல நிக்குதும்மா.

— அதை எங்கிட்டயே சொல்றியா? அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா?

— நான் பக்கத்துலதான் நின்னேன்.

— நீ கீழ நின்ன. பிரசங்கம் பண்ண வந்த சாமியார் என் கையைப் பிடிச்சு மேடைக்கு இழுத்துட்டுப் போனாரு. கூச்சோ முழங்கால்ல நின்னான். பதினேழு வயசு பிள்ளையை, ஒரு வாய்க்கால் தண்ணித் தகராறுக்கு, வயித்துல குத்தினவன். ரெண்டாயிரம் பேர் மூச்சு விடாமப் பாக்கறாங்க. அவன் கையை நீட்டறான். நகக்கண்ணு பூரா சாயத்தொட்டி நீலம். முத்தி பண்ணாம நான் எப்படிடி கீழ இறங்குறது, நீயே சொல்லு? பண்ணினேன். ஊர் அழுதுச்சு. சாமியார் அழுதாரு. நான் அழல. அன்னிக்கு அழாதவ, பன்னெண்டு வருஷமா அழல.

— நான் அழுதேன்மா. பானை தேய்க்கிறப்பல்லாம் கூச்சோவைத் திட்டினேன். அவன் கண்ணு அவியணும், கை அழுகணும், பாடையில போணும்னு. பாவசங்கீர்த்தனத்துல அதையே சொல்லிச் சொல்லி, "வேற பாவமே செய்ய மாட்டியா மெங்கா?"ன்னு சாமியார் சலிச்சுக்கிட்டாரு. பத்து வருஷம் திட்டினேன். அப்புறம் ஒரு நாள் பாத்தா, திட்ட ஒண்ணுமே மிச்சமில்ல. நேரிக்குப் பால் குடுத்தவ நான். நானே வெள்ளை போட்டேன்மா இன்னிக்கு!

— நீ திட்டின. என்னை யாரு திட்ட விட்டா? நான்தான் புண்ணியவதி ஆச்சே.

— சரி, போனது போகட்டும். நான்தான் கறுப்பு போட்டேன்னு சொல்லிக்கறேன். எல்லாரும் என்னை ஏசட்டும். அப்புறம் மனசு மாறிட்டேன்னு திரும்பவும் மொச்சை போடலாம். நீங்க கண்ணை மூடிட்டு வெள்ளையைப் போடுங்க. ஒரு மொச்சைதானே!

— போடறேன். அவ உள்ள வருவா. நாளைக்குக் காலையில எனக்கு எதுத்தாப்புல உக்காந்து ரொட்டி பிப்பா. மெங்கா, மொத நாள் வாசலறைச் சுவத்துல இருக்கிற சுழல் பெட்டியில ரொட்டி வச்சுத் திருப்பினேன். அந்தப் பக்கத்துல இருந்து ஒரு கை வந்து எடுத்துச்சு. அதே நீல நகம். ஏழு வயசுல இருந்து அப்பன் கூடத் தொட்டியில நின்னிருக்கா. பெட்டியைப் பட்டுனு திருப்பி மூடிட்டேன். அந்தக் கையை நான் தினம் பாக்கணும். எப்படிப் பாப்பேன்னு எனக்குத் தெரியும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். பாத்துட்டே இருப்பேன்.

— பழகிடும்மா.

— பியாவுக்குப் பழகிச்சா?

— அவ பேச்சை எதுக்கு எடுக்கறீங்க?

— ஆத்தோர மடத்துல அவளைச் சேத்தப்ப இந்தச் சட்டம் கிடையாது. பத்துப் பேரு வேணும்னாங்க, ரெண்டு பேரு வேண்டாம்னாங்க. பெரும்பான்மைன்னு சேத்துட்டேன். அந்த ரெண்டு பேரும் அவளை அடிக்கல, ஏசல. மூஞ்சியைப் பாக்காமயே இருந்தாங்க, ஒரு வருஷம். தை மாசப் பனியில செருப்பு கூடப் போடாம நடந்து போனா. ஆத்து மதகுல பொணமாக் கண்டெடுத்தோம். இன்னொரு பியாவை நான் என் கையால செய்யச் சொல்றியா?

— அப்ப அவளை ஆட்டுக்காரன் கொல்லட்டுமா? அதுவும் உங்க கைதான், சொல்லிட்டேன்! எஜமானியம்மா, சண்டை போடறேன்னு நினைக்காதீங்க. எனக்கு நெஞ்சு பதறுது.

— எனக்கு மட்டும் பதறலையா? நட, வாசலறைக்குப் போவோம். அவகிட்ட ஒண்ணு கேக்கணும்.

— கேட்டு?

— நட மெங்கா. சுவத்துப் பக்கமா நின்னு பேசறேன், நீ குறுக்கப் பேசாத. லெத்தா!

— யாரு? ரொட்டி குடுத்தவங்களா?

— ஆமா, நான்தான், சிமோனா.

— தாயே! மொச்சை எண்ணியாச்சா?

— மணி அடிக்கட்டும். அதுக்கு முன்னாடி கேக்கறேன், பொய் சொல்லாத. நாலு மடம் இருக்கு. நான் இருக்கிற மடமாப் பாத்து ஏன் வந்த?

— மத்ததெல்லாம் மலைக்கு அந்தாண்ட. சித்தப்பாகிட்ட கழுதை இருக்கு, எனக்குக் காலுதான் இருக்கு. ஓடி வந்தேன், இந்தக் கதவுதான் மொதல்ல வந்துச்சு.

— அவ்வளவுதானா?

— வேற என்ன சொல்லணும்? நீங்க புண்ணியவதி, அதனால வந்தேன்னு சொன்னா சேத்துக்குவீங்களா? அப்ப அதையும் சொல்றேன்.

— அதை மட்டும் சொல்லாத. உங்கப்பன் சாகறப்ப நீ பக்கத்துல இருந்தியா?

— நான் மட்டும்தான் இருந்தேன்.

— என்னைப் பத்தி ஏதாவது சொன்னானா?

— சொன்னா கறுப்பு போட்டுடுவீங்க.

— மொச்சை போட்டு முடிச்சாச்சு. நீ சொல்லு.

— அப்பா வலது கையைச் சட்டைக்குள்ளயே வச்சிருப்பார் தாயே. நீங்க முத்தி பண்ணின கை. தொட்டியில வேலைக்கு மட்டும் வெளிய எடுப்பார். வீட்டுக்கு வந்தா இடது கையாலதான் சாப்பிடுவார். அந்தக் கையை என் தலையில வச்சதே இல்ல. ஏம்ப்பான்னு கேட்டா, "அவ உதடு பனிக்கட்டி மாதிரி இருந்துச்சு. ஊர் என்னை மன்னிச்சிடுச்சு, அவ மன்னிக்கல. எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் அது தெரியும்"னுவார். மூஞ்சியில காறித் துப்பியிருந்தாக்கூட நான் மனுஷனா இருந்திருப்பேன்னுவார். குடிச்சுக் குடிச்சே போய்ச் சேந்தார். தாயே? இருக்கீங்களா?

— இருக்கேன்.

— தப்பாப் பேசிட்டேனா?

— இல்ல. உன் மூட்டையைக் கட்டு.

— அப்ப கறுப்பு விழுந்திடுச்சு. சொல்லிடுங்களேன். சித்தப்பாகிட்டப் போறதுக்கு முன்னாடி கொஞ்சம் அழுதுக்கறேன்.

— மூட்டையைக் கட்டுன்னேன். மெங்கா, என் கம்பளிப் போர்வையும் தோல் செருப்பும் எடுத்துட்டு வா.

— எதுக்கு? வெளிய போய் அந்தச் சித்தப்பன் காலுல விழப் போறீங்களா? கூச்சோவோட கூடப் பிறந்தவன்மா அவன். கல்லு கூடக் கரையும், அவன் கரைய மாட்டான்.

— யாரு காலுலயும் விழல. செருப்பு.

— இந்தாங்க. கஷ்கொட்டை மாவு ரொட்டி ஒரு துண்டு மடியில வைக்கறேன். காலையில இருந்து ஒரு வாய் சாப்பிடல நீங்க. உள்ள எல்லாரும் சங்கீதம் பாடி முடிக்கப் போறாங்க, மணி அடிச்சிடும். பெரிய சாவியை எதுக்கு எங்கிட்ட நீட்டறீங்க?

— பிடி. கதவைத் திற.

— மணி அடிக்காம எப்படித் திறக்கறது?

— திறடி! லெத்தா, எழுந்து வா. நிலைப்படியைத் தாண்டு. ம், உள்ள வந்து நில்லு.

— தாயே, கறுப்பு விழுந்ததுன்னு நீங்க—

— விழுந்துச்சு. அதைப் போட்டவ இனிமே இந்த வீட்டுல இல்ல. மீதிப் பதினொரு பேருக்கும் நீ வேணும். சட்டம் சரியாப் போச்சு.

— யாரு அது? எனக்காக ஒருத்தரைத் துரத்திட்டீங்களா? வேண்டாம் தாயே. அப்படி ஒரு இடத்துல என்னால இருக்க முடியாது.

— யாரையும் யாரும் துரத்தல. மெங்கா, அழுதுட்டே நிக்காத. இவளை அடுப்படிக்குக் கூட்டிட்டுப் போய் சூடா ஏதாவது குடு.

— நான் நகர மாட்டேன். எங்க போவீங்க நீங்க, இந்த வயசுல?

— ஆத்தோர மடத்துக்கு. வாசலறையில உக்காந்து, சேத்துக்கோங்கன்னு கேப்பேன். அவங்க மொச்சை போடட்டும்.

— அங்க ஒருத்தி கறுப்பு போட்டுட்டா?

— போட்டா, அடுத்த கதவைத் தட்டறேன். ஏம்ப்பா, எழுந்திரிச்சிட்டியா? உன் அண்ணன் மக இங்க இருந்துக்குவா. முறைக்காத, சபை சேத்துக்கிச்சு, இனி நீ அவளைத் தொட முடியாது. கழுதை காலியாத்தானே நிக்குது? மலைக்கு அந்தாண்ட, என்னை ஆத்தோர மடத்துல இறக்கி விடு.

— மெங்காம்மா, போறது அவங்களா? கறுப்பு போட்டது அவங்களா? தாயே, நில்லுங்க! நீங்க கட்டின வீடு இது. எனக்காக இதை விட்டுட்டுப் போறீங்கன்னா, எங்களை மன்னிச்சிட்டீங்கதானே? அப்பாவையும்?

— இல்ல மகளே. மன்னிக்க முடிஞ்சிருந்தா உள்ளயே இருந்திருப்பேன்.