யாரும் புழங்காத பாறை

பழனியம்மாள்: மறுபடியும் ஏணி போட்டு ஏறிட்டாரா? மேல போயி சூரியனுக்கு எண்ணெ வுடப் போறாரா இன்னா?

நர்மதா: அத்தே... சும்மா இருங்க. சோலார் கம்பெனி சாரு. காதுல வுழப் போவுது.

பழனியம்மாள்: வுழட்டும். தியாகதுருகத்துல இருந்து மூணு தபா வந்துட்டாரு. மூணு தபாவும் ஒயர புடுங்குனாரு, ஒயர சொருகுனாரு, டீ குடிச்சாரு, போனாரு.

சிவசங்கர்: கேக்குதும்மா. எல்லாம் கேக்குது.

பழனியம்மாள்: சந்தோசம் சாரு. உங்க காதாவது ரிப்பேர் இல்லாம இருக்குதே.

நர்மதா: நீங்க கண்டுக்காதீங்க சார்... இன்னா கோளாறுன்னு தெரிஞ்சிதா?

சிவசங்கர்: தெரிஞ்சா நான் ஏங்க வெயில்ல காயறேன்? பேனல் நல்லாருக்குது. ஒயரு நல்லாருக்குது. உங்க சாம அரைக்கிற மிஷினும் நல்லாருக்குது. காலைல எட்டு மணிக்குக் கரண்டு ஜோரா ஏறுது. பத்து மணிக்குப் பொத்துனு வுழுது. சாயந்தரம் நாலு மணிக்குத் திரும்ப ஏறுது.

பழனியம்மாள்: ஆபீசு குடுத்த மிஷினு இல்லியா... உச்சி வெயில்ல சாப்ட்டு ஒரு தூக்கம் போடும்.

சிவசங்கர்: சிரிங்க, நல்லா சிரிங்க. நாளைக்கு மேலாபீசுல இருந்து ஆளுங்க வராங்க. மிஷினு சரியா ஓடலன்னு என் ரிப்போர்ட்டுல இருந்தா, கழட்டிக்கினு போயி அடுத்த ஊருல மாட்டிடுவாங்க.

நர்மதா: கழட்டிடுவாங்களா? சார்... இது போச்சின்னா இருவத்திரெண்டு வூட்டுப் பொம்பளைங்களும் திரும்ப உலக்கதான் புடிக்கணும்.

பழனியம்மாள்: புடிச்சா இன்னா? நாங்க புடிக்கலியா?

நர்மதா: புடிச்சீங்க. அதான் தெனமும் தோளுக்குத் தைலம் தேச்சிக்கினு முனகுறீங்க.

பழனியம்மாள்: ...அது வாய்வு.

சிவசங்கர்: கொஞ்சம் பேசாம இருக்கீங்களா ரெண்டு பேரும்?

பழனியம்மாள்: ஒன்னே ஒன்னு கேட்டுட்டு இருந்துடறேன் சாரு. மிஷினக் கழட்டுனா, ரோட்டு மேல நட்டீங்களே போர்டு... அதையும் கழட்டுவீங்களா?

சிவசங்கர்: எந்த போர்டு?

பழனியம்மாள்: 'மின்சாரத்தில் தன்னிறைவு பெற்ற கிராமம்'னு. அதுக்குத் தனியா ஒரு லைட்டு. எங்க வூட்ல ஏழு மணிக்குப் போட்ட பல்பு எட்டு மணிக்கு மூச்ச வுட்டுடுது. போர்டு மட்டும் விடிய விடிய எரியுது. தன்னிறைவு ஊருக்கா, போர்டுக்கா?

நர்மதா: அத்தே!

சிவசங்கர்: எனக்கு ஒன்னுதான் புரியல. போன்ல பாத்துக்கினே வரேன்... வெள்ளிக்கெழம மட்டும் கரண்டு நாள் பூரா கம்மியாவாம வருது.

நர்மதா: வெள்ளிக்கெழமையா...

சிவசங்கர்: ஒவ்வொரு வெள்ளியும். அன்னிக்கு இங்க இன்னா விசேஷம்?

நர்மதா: ஒன்னும் இல்ல சார்... சந்தை.

பழனியம்மாள்: நல்ல நாளு. சூரியனுக்கும் தெரியும் இல்ல?

சிவசங்கர்: சந்தைக்கு யாரு யாரு போவீங்க?

நர்மதா: எல்லாரும்தான்... புளி, கடுக்கா, எதுனா விக்கறவங்க.

சிவசங்கர்: நீங்க போவீங்களாம்மா?

பழனியம்மாள்: போனா இன்னா, போவாட்டி இன்னா? நான் இன்னா சூரியன முந்தானைல முடிஞ்சிக்கினா போறேன்?

சிவசங்கர்: ...ஒரு நிமிஷம். பேனல் இடுக்குல இது இன்னா?

நர்மதா: எது சார்?

சிவசங்கர்: புளியங்கொட்ட.

பழனியம்மாள்: கொரங்கு போட்டிருக்கும்.

சிவசங்கர்: கண்ணாடி பூரா பிசுபிசுன்னு ஒட்டுது.

பழனியம்மாள்: கொரங்கு துப்பியிருக்கும். இங்க கொரங்கு ஜாஸ்தி.

சிவசங்கர்: வெரல்ல தொட்டு நாக்குல வெச்சா உப்புக் கரிக்குது. கொரங்கு உப்புப் போட்டா புளி காய வெக்குது?

பழனியம்மாள்: கல்வராயன் மலைக் கொரங்கு சாரு. வெவரமானது.

நர்மதா: சார், எறங்கி வாங்க... டீ ஆறிப் போவுது...

சிவசங்கர்: இருங்க. இந்த மூலைல சேலத் துணி முடிச்சி போட்டிருக்கு. காத்துல பறக்காம இருக்கக் கட்டுனது. பச்ச சேல. மஞ்சக் கர... ஏம்மா.

பழனியம்மாள்: இன்னா?

சிவசங்கர்: உங்க தலைல இருக்கற சும்மாடும் பச்ச. அதுலயும் மஞ்சக் கர.

நர்மதா: அந்தச் சேல ஊருல நெறைய பேரு...

பழனியம்மாள்: வுடுடி. ஆமாய்யா, நாந்தான். இன்னா இப்போ?

சிவசங்கர்: மூணு தபா! அத்தன வளைவு ஏறி மூணு தபா வந்தேன். ஒரு நாளாவது கண்ணுல பட்டுச்சா?

பழனியம்மாள்: எப்டிப் படும்? உன் வண்டி மொத வளைவுல திணறும்போதே இங்க கேக்கும். நீ வந்து சேர்றதுக்குள்ள சேலைய சுருட்டி, வூட்ல வெச்சி, மூஞ்சி கழுவி உக்காந்திருப்பேன். உனுக்கு ஒரு நாளு நாந்தான் டீயும் குடுத்தேன்.

சிவசங்கர்: இதான்... உங்களுக்கெல்லாம் எதுவும் செய்யக் கூடாதுங்கறது. பேனல் மேல புளியப் பரப்பிட்டு, எட்டு மணிக்குப் பல்பு அவியுதுன்னு எங்கள நக்கல் வேற. ஏன் அவியுதுன்னு இப்பப் புரியுதா?

பழனியம்மாள்: பல்பு கெடக்குது. பல்பா சோறு போடுது? புளிதான் போடுது.

சிவசங்கர்: இவ்ளோ பெரிய மலைல புளி காய வெக்க வேற எடமே இல்லியா?

பழனியம்மாள்: அதத்தான்யா நானும் கேக்கறேன். இவ்ளோ பெரிய மலைல கரண்டு புடிக்க உனுக்கு வேற எடமே இல்லியா? அந்த ஏணி எது மேல நிக்குது, பாரு.

சிவசங்கர்: பாறை மேல.

பழனியம்மாள்: அது எங்க களம். நெழலு வுழாத, மண்ணு ஒட்டாத எடம் இந்த ஊருக்கு அது ஒன்னுதான். சாம, புளி, கடுக்கா எல்லாம் அங்கதான் காஞ்சிது. போன வருசம் நீங்க வேலி போட்டீங்க. சாமய ரோட்டு மேல கொட்டுனோம். லாரி ஏறிச்சி. சாம அரைக்க மிஷினு குடுத்துட்டு சாம காய வெக்கற எடத்தப் புடுங்கிக்கினீங்க. காயாத சாமய உன் மிஷினுல போட்டா அரிசியா வரும்? கூழுதான் வரும். இந்த அறிவுக்கு ஒரு போர்டு... அதுக்கு ஒரு லைட்டு!

சிவசங்கர்: நாங்களா எடுக்கலம்மா. ஃபைல்ல இருக்குது, கேளுங்க. 'மேற்படி பாறை தரிசு. கிராமத்தில் யாரும் புழங்குவதில்லை.' எழுதி வாங்கிக்கினுதான் வேலி போட்டோம்.

பழனியம்மாள்: எவன் எழுதுனது?

நர்மதா: அத்தே, வுடுங்க...

பழனியம்மாள்: எப்டி வுடறது? யாரும் பொழங்கலியாமே! எந்த மவராசன் எழுதுனான்? இந்த மலைல ஒரு வாய் சாமச் சோறு தின்னவன் எழுதியிருக்க மாட்டான். கீழ்நாட்டுல ஃபேனுக்கடியில உக்காந்துக்கினு எவனோ...

நர்மதா: போதும் அத்தே.

பழனியம்மாள்: அவன் கை வெளங்காமப் போவ! எழுதுன கைக்குக் கூழு கூட கெடைக்கக் கூடாது!

நர்மதா: போதுங்கறேன் இல்ல!

பழனியம்மாள்: உனுக்கு இன்னாடி அவன் மேல இவ்ளோ அக்கற? யாருன்னு படிங்க சாரு, கேப்போம்.

சிவசங்கர்: அது நான் வேலைக்குச் சேர்றதுக்கு முந்தி. ஜெராக்ஸ்ல கையெழுத்து கறுப்பா அப்பிக்கினு இருக்குது. அத வுடுங்க, எனக்கு ஒரு பேருதான் வேணும். பேனல மறைச்சது இன்னாருன்னு எழுதுனா கோளாறு மிஷினுல இல்லன்னு ஆயிடும், மிஷினு இங்கியே இருக்கும். அந்த ஆளு மேல கேசு ஆவும். நர்மதா, நீங்கதான் மகளிர் குழுத் தலைவி. சாட்சிக் கையெழுத்து போடுங்க.

பழனியம்மாள்: போடுடி. ஜெயில்லயாவது ஒரு களம் வுட்டு வெச்சிருப்பாங்க.

சிவசங்கர்: இன்னாங்க நர்மதா, யோசிச்சிக்கினு? ரெண்டு மாசமா உங்க மிஷினு இவங்களாலதான் படுத்துக் கெடந்துது.

நர்மதா: வேற மாதிரி எழுத முடியாதா சார்? கொரங்குன்னு...

சிவசங்கர்: கொரங்கு சும்மாடு கட்டாதுங்க. ...அது சரி, வேலி அறுக்கல. பூட்டும் ஒடையல. நீங்க எப்டிம்மா உள்ள பூந்தீங்க?

பழனியம்மாள்: நான் ஏன் பூரணும்? கேட்டு தொறந்துதான் கெடக்கும். தெனமும். எனக்குன்னே தொறந்து வெச்ச மாதிரி. உங்க பூட்டும் உங்க மிஷினு மாதிரிதான்.

சிவசங்கர்: சாவி யார்கிட்ட இருக்குது?

பழனியம்மாள்: அதான... யார்கிட்ட இருக்குது? ...நர்மதா?

நர்மதா: என்கிட்டதான் இருக்குது. காலைல அரவ முடிஞ்சதும் கேட்டப் பூட்டாம வந்துடுவேன். நீங்க புளிக்கூடையத் தூக்கிக்கினு போறத தெனமும் ஜன்னல்ல நின்னு பாத்துக்கினுதான் இருந்தேன்... அந்தக் காயிதம் எழுதுன கையி என் கையிதான் அத்தே. மிஷினு குடுக்க வந்தவங்க, ஒரு மணி நேரத்துல எடம் காட்டு, இல்லன்னா மிஷினு அடுத்த ஊருக்குப் போயிடும்னாங்க. அன்னிக்கும் இதேதான் சொன்னாங்க சார். ஏழு மாசப் புள்ளத்தாச்சியா இருந்தப்பக் கூட நான் உலக்க புடிச்சேன். அத நெனச்சேன், யாரும் பொழங்கலன்னு எழுதிட்டேன். பயந்துக்கினு இத்தினி நாளா யார்கிட்டயும் சொல்லல. பேனாவக் குடுங்க சார். பேரு வேணும்னா என் பேர எழுதறேன்... ரெண்டு காயிதத்துலயும் ஒரே கையெழுத்தா இருக்கட்டும்.