ஹூட்டில் பிழையில்லை

திறந்த கார் வைத்திருப்பவன் மழைக்குத்தான் பயப்படுவான் என்று சனம் நினைக்கிறது. மழை ஒன்றும் செய்யாது. தூசுதான் எதிரி. பூநகரி றோட்டில் ஒரு டிப்பர் முன்னால் போனால் போதும், கிரவல் தூசு மாவாகப் பறந்து ஹூட்டின் மூட்டுகளுக்குள் போய், கிறீசோடு குழைந்து, கம்பியை அரைக்கத் தொடங்கிவிடும். ஹூட் என்று நான் சொல்வது காரின் துணிக்கூரையை. பொத்தானை அழுத்தினால் தானே மடிந்து பின்னால் போய்ப் படுக்கும். மறுபடி அழுத்தினால் எழும்பி வந்து மூடும்.

சார்ஜன்ட் ஐயா, தாளையும் பேனையையும் தந்து என்னையே எழுதச் சொன்னது நல்லது. நீங்கள் எழுதினால் நான் சொல்லும் பத்து வரிக்கு ஒரு வரிதான் வரும். அந்த ஒரு வரியிலும் ஹூட் இருக்காது.

என் பெயர் பிலிப்பு நிஷாந்தன். வயது நாற்பத்தொன்று. மண் தோண்டும் பெக்கோ, உழவு மெசின் எல்லாம் திருத்துகிறவன். கார் என் அத்தான் மரியநேசனுடையது, அதாவது என் அக்கா யூலிற்றாவின் புருசனுடையது. அவர் அந்தக் காருக்குள் இருந்து செத்து இன்றைக்குப் பன்னிரண்டாம் நாள். மழைக்கு மூடும்போது ஹூட் பாதியில் இறுகி நின்றதால்தான் ஆஸ்பத்திரிக்குப் போகப் பிந்தியது என்று மரண விசாரணை ஐயாவிடம் நான் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். அதுதான் இப்போது பிரச்சினை.

செத்தவீட்டில் வந்தவன் போனவன் எல்லாம் ஹூட்டைத் திட்டினான். "சனியன் பிடிச்ச ஹூட்" என்றார்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ என்ன செய்வாய் தம்பி, உன்னாலை ஏலுமானதைச் செய்தனி. உந்தக் காரைக் கொளுத்திப்போட்டுத்தான் நான் மற்ற வேலை பாப்பன்" என்று அழுதாள். என்னால் தாங்க முடியவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். ஒன்பது வருடமாக என் கையால் பார்த்த சாமான் அது. அதற்கு ஒரு கெட்ட பெயர் வர விட்டுவிட்டு நான் எப்படிச் சோறு தின்பது?

அதன் வேலை முறையைச் சொல்லாமல் மற்றது விளங்காது. டிக்கியின் இடது பக்கம், கம்பளத்துக்குப் பின்னால் ஒரு சின்ன மோட்டர் இருக்கிறது. பக்கத்தில் எண்ணெய்ப் போத்தல், அதில் இரண்டு கோடு. எண்ணெய் கீழ்க்கோட்டுக்குக் கீழே போனால் மோட்டர் காற்றை இழுக்கும், ஹூட் குளிர் காய்ச்சல்காரனைப் போல நடுங்கும். பெக்கோவின் கையைத் தூக்குவதும் இதே எண்ணெய் அழுத்தம்தான், ஆனால் பெக்கோவுக்கு எந்த எண்ணெயும் இறங்கும், இது ருசி பார்த்துத்தான் குடிக்கும். பிறேக் எண்ணெய் விட்டால், கசியாமல் பிடிக்கும் றப்பர் சீல் எல்லாம் ஊதிச் செத்துப்போகும். ஆறு சிலிண்டருக்கும் நான் சீல் மாற்றினேன். கொழும்பில் கிடைக்காமல், ஜெர்மனியில் இருக்கும் ஒருவனைப் பிடித்து, சொக்லேட் பெட்டிக்குள் வைத்து அனுப்புவித்தேன். சொக்லேட் என் மனைவி சுகந்தினிக்கு, சீல் எனக்கு. இரண்டு பேருக்கும் சந்தோசம்.

பிறகு விதிகள். ஈரத்தோடு மடிக்கக் கூடாது, பூஞ்சணம் பிடிக்கும். கார் ஓடும்போது பொத்தானில் கை வைக்கக் கூடாது. பாதி எழும்பிய ஹூட்டோடு காரை நகர்த்தவே கூடாது, காற்றுப் பிடித்தால் கம்பியோடு பிய்த்துக்கொண்டு போகும். பொத்தானை மூடி முடியும்வரை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். இருபத்தைந்து செக்கன். விரலை எடுத்தால் எடுத்த இடத்திலேயே நின்றுவிடும்.

இதையெல்லாம் அத்தான் அறியார். ஒன்பது வருடத்துக்கு முன் சுவிசிலிருந்து விடுமுறையில் வந்தபோது நீர்கொழும்பில் கண்டு ஆசைப்பட்டு வாங்கினார். பதினேழு நாள் ஓடினார். சாவியை என் கையில் தந்து, "பாத்துக்கொள் தம்பி" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார். நான் பார்த்துக்கொண்டேன். ஒரு வருடம் அந்தோனியார் திருவிழாவுக்குப் பங்குச் சுவாமியார் காரைக் கேட்டார். பின்னிருக்கையில் சுரூபத்தை வைத்துக் கட்டி ஊரைச் சுற்றினோம். அந்தக் காரில் ஏறியவர்களில் பொத்தானை அழுத்திப் பார்க்கக் கேட்காதவர் அந்தோனியார் ஒருவர்தான். அவரை எனக்குப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

இந்த வருடம் அத்தானும் அக்காவும் ஒரேயடியாக வந்துவிட்டார்கள். அவருக்கு இருதயத்தில் இரண்டு இடத்தில் கம்பிவலை வைத்து, வேலைக்குப் போக வேண்டாம் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். சும்மா இருக்கிற மனுசன் இல்லை. வந்த இரண்டாம் மாதமே நண்டு வியாபாரம் தொடங்கினார். கடற்களப்பில் நண்டு எடுத்து, றெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு அடுக்கி, என் காரின் டிக்கியில் ஏற்றிக்கொண்டு பரந்தனுக்குப் போவார். என் கார் என்று எழுதப்பட்டுவிட்டது. இருக்கட்டும், வெட்டினால் தாள் அழகு கெட்டுவிடும்.

ஐஸ் கரைந்து உப்புத்தண்ணீர் மோட்டருக்குள் இறங்கியது. கழற்றித் துடைத்துப் பூட்டினேன். மறுகிழமை திரும்ப இறங்கியது. திரும்பத் துடைத்தேன். ஒரு நாள் டிக்கியில் மணம் தாங்காமல் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தால், பெட்டியிலிருந்து தப்பிய நண்டு ஒன்று மோட்டர் வயரைக் கொடுக்கால் பிடித்தபடி செத்துக் கிடந்தது. அத்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். மூத்தவர் சிரித்தால் கூடச் சிரிப்பது மரியாதை.

அதற்குப் பிறகுதான் அந்தக் கதையை எடுத்தார்.

"திங்கக்கிழமை காரைக் கிளிநொச்சியிலை வெல்டிங் கடைக்கு விடுறன் தம்பி. உந்தக் கம்பி, மோட்டர் எல்லாத்தையும் கழட்டி எறிஞ்சுபோட்டு மேலாலை தகரம் அடிக்கப்போறன். பின் சீற்றையும் கழட்டினால் ஆறு பெட்டி வைக்கலாம்."

"அத்தான், நண்டுக்கு நான் ஒரு பழைய லான்ட் மாஸ்டர் உழவு மெசின் பாத்துத் தாறன். பெட்டியோடை வரும். உதைக் கழட்ட வேண்டாம்."

"ஏன்ரா, நான் கார் எண்டுதானே வாங்கினனான்? பொத்திப் பொத்தி வைச்சிருக்க இதென்ன கலியாணப் பொம்பிளையோ?"

குரங்கின் கையில் பூமாலை என்று படித்திருக்கிறேன். குரங்குகூட மாலையைப் பிய்க்கும், தகரம் அடிக்காது. ஆனால் அவர் சாமான், அவர் இஷ்டம். நியாயமாகப் பார்த்தால் எனக்கு அதில் ஒரு உரிமையும் இல்லை. அந்த நியாயம் எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அதனால்தான் கவலையும் அவ்வளவு இருந்தது.

சனிக்கிழமை பின்னேரம் அத்தான் என்னைக் கூப்பிட்டார். "கடைசியா ஒருக்கா திறந்துபோட்டு ஓடுவம், வா" என்றார். நான் ஓட்டினேன், அவர் பக்கத்தில் இருந்தார். குடமுருட்டிப் பாலம் தாண்டி ஒரு வெட்டவெளியில் போகும்போது முன்கண்ணாடியில் எட்டுத் துளி விழுந்தது. நான் எண்ணினேன். ஓரமாக நிறுத்தி, இஞ்சினை நிறுத்தாமல், பொத்தானை அழுத்தினேன். ஹூட் எழும்பத் தொடங்கியது. பாதிக்கு வரும்போது அத்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "எடு" என்றார்.

எங்கள் பேச்சில் எடு என்றால் எத்தனையோ இருக்கிறது. காரை எடு என்றால் ஓட்டு. ஹூட்டை எடு என்றால் திற. ஃபோனை எடு என்றால் காதில் வைத்துக் கதை. சாமானை எடு என்றால் நீயே வைத்துக்கொள். எதை எடுக்கச் சொன்னார் என்று அவர் சொல்லவில்லை. நான் விரலை எடுத்தேன்.

ஹூட் நின்றது. அது இறுகவில்லை ஐயா, நான் நிற்பாட்டினேன். நேற்று உங்கள் பொலிஸ்காரத் தம்பி முற்றத்தில் வைத்துப் பொத்தானை அழுத்தியபோது எப்படி வெண்ணெய் போலத் திறந்தது, பார்த்தீர்கள்தானே. எண்ணெயும் மேல்கோட்டில்தான் நிற்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் ஆடத் தெரிந்தவன். கூடத்தைக் கோணல் என்று சொன்னதற்காக வெட்கப்படுகிறேன்.

என் எண்ணம் திங்கட்கிழமைக்கு அப்பால் போகவில்லை. ஆஸ்பத்திரி வாட்டில் படுத்திருக்கிற மனுசன் வெல்டிங் கடைக்குப் போக மாட்டார். உடனே கொண்டுபோனால் இரண்டு நாளில் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டுவிடுவார்கள். பத்து நிமிடம் பிந்தினால் ஒரு கிழமை வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். இருபது நிமிடம் என்றால் இரண்டு கிழமை. அதற்குள் லான்ட் மாஸ்டரைப் பார்த்துவிடலாம். முன்னுக்குப் போனால் கிளிநொச்சி ஆஸ்பத்திரி, பின்னுக்குத் திரும்பினால் பூநகரி ஆஸ்பத்திரி. இரண்டுக்கும் நடுவில் நாங்கள் நின்றோம். பாதி ஹூட்டோடு காரை நகர்த்தக் கூடாது என்ற விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை.

அத்தான் சட்டைப் பையிலிருந்து குளிசைப் போத்தலை எடுத்தார். ஒன்று நாக்குக்குக் கீழே போனது. மற்றவை கை தவறிச் சீற்றுக்குக் கீழே உருண்டுவிட்டன. அவற்றை நான் பிறகு காரைத் துப்புரவாக்கும்போது பொறுக்கினேன், ஒன்பது இருந்தது. அக்கா நாலு தரம் எனக்கு ஃபோன் எடுத்தாள். கை முழுக்க எண்ணெயாக இருந்ததால் கதைக்கவில்லை என்று அவளிடம் சொன்னேன். என் கையில் எண்ணெய் இருக்கவில்லை. டிக்கியைத் திறந்துவைத்து, ஒரு ஸ்பானரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

இருபத்தைந்தாவது நிமிடம்போல ஒரு பஸ் வந்து நின்றது. சாரதி தலையை நீட்டி, "என்ன அண்ணை, ஏதும் உதவி வேணுமோ?" என்றார்.

"ஹூட் கொஞ்சம் இறுகிப்போச்சு. நீங்கள் போங்கோ, நான் பாக்கிறன்" என்றேன்.

பாதி எழும்பிய ஹூட் மறைத்ததால் உள்ளே ஆள் இருப்பது அவருக்குத் தெரியவில்லை. அத்தான் அப்போது உயிரோடுதான் இருந்தார். பஸ் சத்தம் கேட்டு, ஒரு கையைத் தூக்கிப் பார்த்தார். தூக்கிய கை ஹூட் துணியில் முட்டியது. அந்தச் சாரதி நல்ல மனுசன், அவரைக் கரைச்சல்படுத்த வேண்டாம்.

மொத்தம் நாற்பது நிமிடம். நாற்பது நிமிடமும் ஹூட் பாதியில் நின்ற இடத்தில் நின்றது, ஒரு அங்குலம் இறங்கவில்லை. சீல் வேலை தெரிந்தவனுக்கு அது எவ்வளவு பெரிய விசயம் என்று விளங்கும். வேறு யாரும் பூட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் அத்தானின் தலையில் வந்து படுத்திருக்கும். மழையும் அந்த எட்டுத் துளியோடு போய்விட்டது. அன்றைக்கு மழையே பெய்யவில்லை என்று பிறகு பஸ்காரர் சொல்லித்தான் உங்களுக்குச் சந்தேகம் வந்ததாம். நான் அதை யோசித்திருக்கவில்லை.

அவர் அசைவில்லாமல் போன பிறகு பொத்தானை அழுத்தினேன். மிச்சமிருந்த பாதியும் வந்து மூடியது. இரண்டு பக்கக் கொக்கியையும் பூட்டி, தலை ஆடாமல் துவாயை மடித்து வைத்து, அளவான வேகத்தில் கிளிநொச்சிக்குக் கொண்டுபோனேன். தூசு ஒரு பொட்டும் உள்ளே வரவில்லை.

கையெழுத்து வைக்கமுன் ஒரு திருத்தம். எதை எடுக்கச் சொன்னார் என்று அத்தான் சொல்லவில்லை என மேலே எழுதியிருக்கிறேன். தாள் அழகு கெட்டாலும் பரவாயில்லை, அதை வெட்டிவிடுங்கள். அவர் சொன்னார். "நெஞ்சுக்குள்ளை என்னவோ செய்யுது, காரை எடு தம்பி" என்றார். நான் விரலை எடுத்து, இறங்கி டிக்கியைத் திறந்த பிறகும், "காரை எடு" என்றார். பதினைந்தாவது நிமிடம்போல மூன்றாம் தரம் சொன்னார். அதற்கு முன்னர் கொஞ்ச நேரம் என் கையிலிருந்த ஸ்பானரைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார், "காரை நீயே எடு."

அப்போதே நான் புறப்பட்டிருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். யோசித்தேன் ஐயா. ஆனால் அத்தான் சொன்ன சொல்லில் நிற்கிற ஆள் இல்லை. சுகமாகி வந்தால் மனம் மாறியிருப்பார். இப்போது மாறமாட்டார். சாகிற மனுசன் வாயால் தந்தது தந்ததுதான், ஆகவே கார் என்னுடையது, அதை அக்கா கொளுத்த முடியாது என்று அவளுக்கு ஒருக்கால் சொல்லிவிடுங்கள்.

நேற்றிலிருந்து அது உங்கள் முற்றத்தில் திறந்தபடி நிற்கிறது. வடக்கே மழை கறுத்துக்கொண்டு வருகிறது. பொலிஸ்காரத் தம்பியிடம் இப்போதே மூடச் சொல்லுங்கள். மூடி முடியும்வரை விரலை எடுக்க வேண்டாம்.