கலக்காத காக்டெயில்

எலுமிச்சையை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு பிழியக் கூடாது, சார். மேசையில் வைத்து உள்ளங்கையால் நாலு உருட்டு உருட்டிவிட்டுப் பிழிந்தால்தான் சாறு முழுசாக இறங்கும். அதற்காகத் தோலைப் போட்டு நசுக்கினால் கசந்துவிடும். நீங்கள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள், எனக்கு உருப்படியாகத் தெரிந்தது இது ஒன்றுதான். அதனால் இதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் வீட்டுக்காரர், தான் குடிக்கவே இல்லை என்று சத்தியம் பண்ணுகிறார். இதோ உங்கள் மேசைமேல் இருக்கிற ஊதுகிற மெஷின், குடித்திருக்கிறார் என்கிறது. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அதை விளக்கத்தான் நான் வேலை செய்கிற கிளினிக்கில் லீவு சொல்லிவிட்டு வந்தேன்.

அவரை உங்களுக்குத் தெரியும். நீங்கள் மேற்பார்வை பார்க்கிற இந்தக் கட்டட வேலையில் பெரிய கிரேனை ஓட்டுகிறவர். காலையில் மேலே ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். நாள் பூராவும் வாக்கிடாக்கியில் அவர் பேசுவது மூன்றே வார்த்தை: மேலே, கீழே, போதும். வீட்டுக்கு வந்தால் அதிலும் இரண்டு கழிந்துவிடும். சாப்பாடு எப்படி என்றால் போதும். புது உடுப்பு எனக்கு நன்றாக இருக்கிறதா என்றால் அதற்கும் போதும். கெட்ட மனுஷன் இல்லை. கையை ஓங்கியதில்லை, அடுத்தவளை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. ஆனால் சுவரோடு குடித்தனம் நடத்துகிற மாதிரி இருக்கும். சுவரிலாவது ஒரு காலண்டர் மாட்டலாம்.

போன கோடையில் என் தம்பி வந்தான். வரும்போது ஒரு ஜின் பாட்டில் வாங்கி வந்தான். என் வீட்டுக்காரருக்கு அதுவரை அந்தப் பழக்கமே கிடையாது. ஆனால் அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. “மாமா, வெயிலுக்கு ஒரு காக்டெயில் போட்டா ஜம்முனு இருக்கும், ஒரு கிளாஸ் பாருங்க” என்று தம்பி சொன்னதும், இவர் மறுக்கவில்லை.

போடுகிற வேலை என் தலையில் விழுந்தது. எலுமிச்சை, ஆரஞ்சு, கொஞ்சம் துருவிய தோல், தொண்டையில் சுரீரென்று இறங்க இஞ்சிச் சாறு, புதினா, சோடா, ஐஸ். கிளாஸின் விளிம்பில் உப்பு. எல்லாம் தம்பி சொல்லச் சொல்லச் செய்தேன். நடுவில் போன் வந்தது. பேசிவிட்டு வந்து ஜக்கை அப்படியே தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டேன்.

இரண்டாவது கிளாஸில் என் வீட்டுக்காரர் பாடினார். நான் அவர் பாடிக் கேட்டதே இல்லை, கேட்ட பிறகு ஏன் என்றும் புரிந்தது. தம்பி கண்ணும் மூக்கும் சிவக்க, “அக்கா, சரக்கு செமையா ஏறுது” என்று சோபாவில் சாய்ந்தான். என் வீட்டுக்காரர் சமையலறைக்கு வந்து கதவில் சாய்ந்து நின்றார்.

“உனக்கு ஒண்ணு தெரியுமா? மேல இருந்து பாத்தா நம்ம வீட்டு மாடி தெரியும். நீ துணி காயப்போடுறத தினமும் பாக்குறேன். நீ வர வரைக்கும் மொத லோடைத் தூக்க மாட்டேன். கீழ எல்லாரும் கத்துவாங்க. கத்தட்டும்.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது, சார். இத்தனை வருஷமாக என்னை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், அது எனக்கே தெரியாது. அவரைப் படுக்க வைத்துவிட்டு வந்து சமையலறையைத் துடைத்தேன். ஜின் பாட்டில் அலமாரியில் இருந்தது. மூடியின் சீல்கூட உடையவில்லை.

நான் பல் டாக்டரிடம் உதவியாளர். ஒருநாள் மறதியில், மரத்துப்போக வைக்கிற மருந்துக்குப் பதில் வெறும் தண்ணீரைத் தொட்டு ஒருவர் ஈறில் தடவிவிட்டேன். டாக்டர் “மரத்துப் போச்சா?” என்று கேட்டதற்கு அந்த ஆள், “பாதி மூஞ்சியையே காணோம் டாக்டர்” என்றார். அதனால் இதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. மறுநாள் சாயங்காலமும் அதே மாதிரி ஒரு கிளாஸ் போட்டேன். அதற்கப்புறம் தினமும் அவர் எதிரிலேயே ஜின்னை அளந்து சமையலறைக்குள் எடுத்துப் போவேன், சிங்க்கில் ஊற்றுவேன். பாட்டில் தீர்ந்ததும் அவரே அடுத்ததை வாங்கி வருவார், பாவம். அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் குடித்தது சிங்க் மட்டும்தான்.

ஆனால் என்ன பேச்சு, சார். மேலிருந்து பார்த்தால் மேகத்தின் நிழல் தெருத்தெருவாக நடந்து போவதைச் சொல்வார். சின்ன வயசில் அவர் அம்மா அடித்ததைச் சொல்லி அழுவார். பாத்திரம் துலக்குவார். “போதுமா?” என்று நான் கேட்டால், “இன்னும் இருக்கு, கேளு” என்பார். நான் அவரிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. “இன்னிக்கு ஸ்ட்ராங்கா இருக்கே” என்பார். “இஞ்சி கொஞ்சம் கூடிடுச்சு” என்பேன். அது நிஜம்தான்.

வினை அங்கேதான் வந்தது. மனுஷனுக்கு மனசாட்சி அதிகம். சாயங்காலம் ஆனால் கிளாஸைத் தேடுகிறேனே என்று பயந்தார். கிரேனில் உட்கார்ந்திருக்கும்போது கை நடுங்குகிறது என்றார். ஒருநாள் இதே அறைக்கு வந்து, “சார், நான் குடிக்கு அடிமையாயிட்டேன்” என்று உங்கள் முன்னால் உடைந்து அழுதார். நீங்கள் நல்லவர். தோளில் தட்டிக்கொடுத்து, லீவு கொடுத்து, மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பினீர்கள்.

அங்கே எலுமிச்சைச் சாற்றை மறக்க முடியாமல் அவர் வியர்த்துக் கொட்டிப் புரண்டதை நான் கண்ணால் பார்த்தேன். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருக்க, எழுந்து நின்று, “நான் ஒரு குடிகாரன். என் மனைவி தெய்வம்” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அந்த இடத்தில் எழுந்து உண்மையைச் சொன்னால் அவருக்குத்தானே அவமானம்?

குணமாகி வந்தார். திரும்பவும் போதும். காலையில் போதும், மதியம் போதும். சாயங்காலம் வெறும் ஜூஸ் கேட்டார். அதே எலுமிச்சை, அதே இஞ்சி. குடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். இன்னும் லீவில் இருந்ததால் கிரேன்மேல் ஏறி, துணி காயப்போடுகிற என்னையும் பார்க்கவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். பிறகு, முதல் தடவையாக, அதில் உண்மையிலேயே ஜின்னை ஊற்றினேன்.

நீங்கள் முகத்தைச் சுளிக்கிறீர்கள். ஆனால் அவருக்குத் தெரியவே இல்லை. தெரிவதற்கு அவர் அதற்கு முன்னால் குடித்திருக்க வேண்டுமே. “கசக்குது” என்றார். “தோல் நசுங்கிடுச்சு” என்றேன். இது ஒன்றுதான் நான் சொன்ன பொய், அதற்கு வருத்தப்படுகிறேன். என் கையில் தோல் நசுங்கியதே இல்லை.

ஜின் வேலை செய்யவில்லை, சார். ஒரு பாட்டு கிடையாது, ஒரு வார்த்தை கிடையாது. சரக்கு மட்டமோ என்று கடையை மாற்றினேன். அளவைக் கூட்டினேன். தூக்கம்தான் வந்தது அவருக்கு. நீங்கள் மறுபடி வேலைக்குக் கூப்பிட்ட அன்று காலையில் ஒரே பதற்றமாக இருந்தார். கிளம்புவதற்கு முன் ஏதாவது ஒன்று சொல்வார் என்ற ஆசையில் ஃபிளாஸ்க்கில் நிறையவே கலந்து கொடுத்தேன். அதை எங்கள் வீட்டு வாசலில் நின்றே குடித்துவிட்டு வந்து உங்கள் மெஷினில் ஊதினார். ஊதாமல் மேலே ஏறியிருந்தால் கீழே வேலை செய்கிறவர்கள் கதி என்ன என்று கேட்பீர்கள். அது எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அளவைக் கொஞ்சம் குறைத்திருப்பேன்.

அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து பேசினார். நடு ஹாலில் நின்று, கையை வீசி, தொண்டை கட்டுகிற வரை பேசினார். “நான் தொடலடி. மெஷின் பொய் சொல்லுது, ஊரே பொய் சொல்லுது. நீயாவது நம்புறியா?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் சந்தோஷத்தில் ஜூஸ் போடவே மறந்துவிட்டேன். அன்றிலிருந்து தினமும் பேசுகிறார். கிளாஸில் ஒன்றும் தேவைப்படவில்லை.

நீங்கள் பேனாவை மூடிவிட்டீர்கள். “புருஷனைக் காப்பாத்த எல்லாரும் ஒரு கதையோடதான் வர்றாங்க. ஆனா இப்படி ஒரு கதையை நான் கேட்டதில்லைம்மா” என்கிறீர்கள். சரி, நான் வற்புறுத்தவில்லை. எனக்குத் தெரிந்த உண்மையைச் சொல்லிவிட்டேன், என் மனசு சுத்தம். வேலை இல்லை என்று நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார். நான் போனதும் “நம்பினாரா?” என்று கேட்பார். இல்லை என்பேன். வீடு போய்ச் சேருகிற வரை புலம்பிக்கொண்டே வருவார், நான் ஒரு வார்த்தை விடாமல் கேட்பேன். இந்த உலகத்தில் அவர் பொய் சொல்லவில்லை என்று நம்புகிற ஒரே ஆள் நான்தான், சார். கட்டிய பெண்டாட்டி அதைக்கூடச் செய்யாவிட்டால் அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்?