கசப்பேரி வரை ஊதாத ஹாரன்

சூயஸ் துறையின் சுடுமணலையும் சூறைக்காற்றையும் முப்பத்தெட்டு ஆண்டுகள் முகத்தில் ஏற்ற முதன்மையரே, கரையின் குணமறிந்து கயிற்றின் கனமறிந்து கப்பல்களைக் காத்த கண்ணியரே, 'பரக்கா' இழுவைப்படகின் தலைவர், எங்கள் வாயில் 'ரயிஸ்', ஹில்மி திம்யாத்தி அவர்களே!

பணிவு, பொறுமை, இன்சொல் ஆகிய மூன்றையும் உங்கள் பணிநிறைவு மடலில் சேர்க்கச் சொன்னார்கள் அலுவலகத்தார். இன்சொல்லை நாங்களே அடித்துவிட்டோம். உங்களிடம் ஏச்சு வாங்காதவர் இம்மண்டபத்தில் இல்லை. அதற்கு ஈடாக, 'மெரிலா' சிக்கிய கதையை எழுதுகிறோம்.

புழுதிக்காற்றில் திசை பிசகிய அந்தச் சரக்குக் கப்பல், முகத்தைக் கிழக்குக் கரையிலும் பின்புறத்தை மேற்குக் கரையிலும் செருகிக்கொண்டு கால்வாயை அடைத்து நின்றது. ஐந்தாம் நாள் நீரேற்றத்தில் பின்புறம் அசைந்ததுதான் தாமதம், நம் வழக்கப்படி மகிழ்ச்சியில் ஹாரனை இழுத்தீர்கள். பதினொரு படகுகளும் சேர்ந்து அலறின. "கயிற்றைத் தளர்த்தாதீர்கள்" என்று வயர்லெஸ்ஸில் வந்த கட்டளை ஒருவர் காதிலும் விழவில்லை. கயிறுகள் தொய்ந்தன; காற்று தள்ளியது; கப்பல் பழைய இடத்திலேயே போய்ச் செருகிக்கொண்டது. விசாரணையில் நாங்கள் தரையைப் பார்த்து நின்றபோது, "மொதல்ல ஊதுனது நான்தான்" என்றவர் நீங்கள்.

மறுநாள் ஏற்றமும் தவறினால், அவ்வளவு நீர் மீண்டும் வரப் பன்னிரண்டு நாட்கள் ஆகும். அதற்குள் கப்பல் நடுவே பிளந்துவிடும் என்றார்கள். ஆறாம் நாள் காலை மேலதிகாரி உங்களிடம், "இன்னைக்கும் கெட்டுச்சுன்னா படகை விட்டு எறங்கிடணும், ஹில்மி" என்றார். நீங்கள் பதினொரு படகுகளிலும் ஏறி, ஹாரன் கைப்பிடிகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டீர்கள்.

பிற்பகல் இரண்டரைக்கு நீர் உச்சம் தொட்டது. முறுகிய கயிறு முனகியது. பின்புறம் ஒரு சாண் விலகியது, பிறகு ஒரு முழம்.

"கழண்டுடுச்சு ரயிஸ்" என்றான் தளத்தில் நின்ற ஸப்ரி.

"வாயை மூடுடா. கயித்தைப் பாரு."

முகமும் மண்ணை விட்டது. அப்போதும் நீங்கள் கயிற்றை விடவில்லை. கால்வாயின் நடுவே விரியும் கசப்பேரி வரை சில மணி நேரம், கயிற்றிலிருந்து கண் எடுக்காமல் இழுத்தோம். ஸப்ரி வாயிலிருந்த ரொட்டியை விழுங்கவும் மறந்திருந்தான். ஏரியில் மெரிலா நங்கூரமிட்ட பிறகே கைப்பிடிகளைத் திருப்பித் தந்தீர்கள். பத்துப் படகுகள் ஊதின. பரக்கா ஊதவில்லை.

"நீங்க ஊதலையா ரயிஸ்?" என்றான் ஸப்ரி.

"நான் ஊதுனது போதும்டா."

அன்று முதல் இந்த ஆறு ஆண்டுகளில், எச்சரிக்கைக்கு அன்றி உங்கள் கை அந்தக் கைப்பிடியைத் தொட்டதில்லை. அது எங்களுக்கு வலிக்கிறது, ரயிஸ்.

உங்கள் மூட்டுவலி தீரட்டும், பேரப்பிள்ளைகள் உங்கள் ஏச்சுக்குப் பழகட்டும், நூறு வயதிலும் கரையில் நின்று எங்களைக் குறை சொல்லுங்கள். இப்போது சன்னலுக்கு வெளியே பாருங்கள். துறையில் பத்துப் படகுகளிலும் கைப்பிடியைப் பிடித்தபடி ஆட்கள் நிற்கிறார்கள். பரக்காவில் மட்டும் யாரும் இல்லை. எவ்வளவு நேரமானாலும் நிற்போம். மொதல்ல ஊத வேண்டியது நீங்கதான்.

இங்ஙனம்,
உங்களிடம் ஏச்சு வாங்கி வளர்ந்த
சூயஸ் துறை இழுவைப்படகுத் தொழிலாளர்கள்