லாலியின் காலை மாத்திரை

வயிறு கெட்டவர்களுக்குக் கஞ்சி வைப்பதில் எங்கள் தெருவில் என்னை மிஞ்ச ஆளில்லை, மேடம். அரிசி நன்றாகக் குழைய வேண்டும், உப்பு நாக்கில் தெரியக் கூடாது. என் தங்கை லாலிக்கு ஒன்றரை வருடம் அதைத்தான் ஊட்டினேன்.

விர்ஹிலியோவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சுங்க அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை. பதினோரு வருடம் மாலைதோறும் என்கார்னாசியோனில் எங்கள் வீட்டுக்கு வந்து என்னோடு தெரெரே குடித்தார். இலைத்தூளில் ஐஸ் தண்ணீர் ஊற்றி, ஒரே குவளை, ஒரே உறிஞ்சுகுழல். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் குடிக்கிறார்கள். எனக்கு மட்டும் அது வேறு.

பிறகு கணவனை இழந்த லாலி புவெனஸ் அயர்ஸிலிருந்து திரும்பி வந்தாள். ஐம்பத்தாறு வயது, ரத்த அழுத்தம் வேறு. சிரித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். ஒரே வாரத்தில் குவளை அவள் கைக்குப் போனது.

"நீங்க உக்காருங்க அக்கா, லாலி ஊத்தட்டும்," என்றார் விர்ஹிலியோ. பதினோரு வருடம் என்னை நிமியா என்று கூப்பிட்டவர்.

அடுத்த வருடம் அவளுக்கு வயிற்றுப்போக்கு தொடங்கியது. நிற்கவே இல்லை. கோதுமை ஆகவில்லை என்றார் ஒரு டாக்டர். ரொட்டியை நிறுத்தி மரவள்ளி மாவில் சீப்பா சுட்டுக் கொடுத்தேன். பலனில்லை. எழுபது கிலோ இருந்தவள் ஐம்பதுக்கு வந்தாள். காரணம் அப்போது யாருக்கும் தெரியாது, எனக்கும்தான்.

அந்த மாதங்களில் விர்ஹிலியோ சமையலறையில் என்னோடு உட்கார்ந்து காய் நறுக்கினார். ஒருநாள் என் தோளில் சாய்ந்து அழுதார். அன்று நான் போட்டிருந்த சட்டையைத் துவைக்கவே இல்லை.

நீர் வற்றி மயங்கியதும் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே வேறு பிரஷர் மாத்திரை கொடுத்தார்கள். பத்தே நாளில் வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது. டாக்டரம்மா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். சின்ன வயது.

"குடல் உள்ளே புண்ணாகிப் போயிருக்கு. அவங்க இதுவரை பிரஷருக்குப் போட்ட ஒல்மெசார்டான் மாத்திரைதான் காரணம். அபூர்வமா சிலருக்கு இப்படி ஆகும். இனி அதைத் தொடவே கூடாது. அவங்ககிட்டயும் சொல்லிடறேன்."

"தூங்குறா. நான் சொல்லிக்கிறேன், டாக்டர்."

சொல்லத்தான் நினைத்தேன். புது மாத்திரையை வாங்கி ஐந்து வாரம் ஒழுங்காகக் கொடுத்தேன். அவள் கன்னம் நிறைந்தது. விர்ஹிலியோ சமையலறைப் பக்கம் வருவது நின்றது. ஒரு ஞாயிறு இருவரும் கைகோத்து வந்து நின்றார்கள்.

"அக்கா, மே மாசம் கல்யாணம். மோதிரத்த நீதான் எடுத்துக் குடுக்கணும்," என்றாள் லாலி.

"அதுக்கென்ன," என்றேன்.

மறுநாள் காலை பழைய மாத்திரையைக் கொடுத்தேன். மிச்சம் நிறைய இருந்தது.

"இது பழசு மாதிரியே இருக்கேக்கா?"

"கம்பெனி வேற."

"கண்ணாடி இல்லாம எனக்கு எல்லாம் ஒண்ணுதான்," என்று சிரித்துக்கொண்டே விழுங்கினாள்.

மூன்றாம் வாரம் வயிறு மறுபடி போனது. கல்யாணம் தள்ளிப்போனது. டாக்டரம்மா போனில் கேட்டபோது, புது மாத்திரைதான் கொடுக்கிறேன் என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று விர்ஹிலியோ துடித்தார். "அவளுக்கே இஷ்டமில்ல, கட்டாயப்படுத்தாதீங்க," என்று தடுத்தேன். அவர் மறுபடி என் பக்கத்தில் உட்கார்ந்தார். மறுபடி நிமியா என்றார்.

ஜூனில் லாலி இறந்தாள். முப்பத்தெட்டு கிலோ. அவள் அறையை ஒழிக்க வந்த விர்ஹிலியோ பழைய மாத்திரையின் காலி அட்டைகளையும், அது கூடாது என்ற ஆஸ்பத்திரிக் கடிதத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, நேராகப் போலீஸில் உங்களிடம் வந்தார்.

ஆம். தெரிந்துதான் கொடுத்தேன், தினமும், என் கையால். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள், மேடம்: கடைசி நாள் வரை அவள் ரத்த அழுத்தம் ஒருமுறைகூட ஏறவில்லை. அவ்வளவு கவனமாக அவளைப் பார்த்துக்கொண்டேன்.