பொறுப்பு என்னுடையது

நான் கத்திப் பேசுகிறவன் இல்லை. அலுவலகத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். தகடு அழுத்தும் இயந்திரங்களை இயக்கும் மென்பொருளின் அடித்தளமான கெர்னலை இத்தனை வருடமும் நான்தான் சி என்ற கணினி மொழியில் எழுதி வந்தேன். ஆள் உள்ளே இருந்தால் மேல்தட்டு இறங்கக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வதும் கெர்னல்தான்.

தங்கை கணவனுக்கு இங்கே வேலை வாங்கிக் கொடுத்ததும் நானே. மாப்பிள்ளை வந்த கையோடு, எல்லாவற்றையும் ரஸ்ட் மொழிக்கு மாற்ற வேண்டும் என்றான். சி மொழியில், திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகத்தை மறுபடி தொட்டாலும் கேட்பாரில்லை. காலி செய்த வீட்டைப் பழைய சாவியால் திறக்கிற மாதிரி. ரஸ்டில், நாம் எழுதியதைச் சரிபார்த்து இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் அதற்கு விடாது. மாமியார் போல, தொட்டதற்கெல்லாம் குற்றம் சொல்லும். மேலாளர் தலையாட்டினார். நான் எழுதியவை கோப்பு கோப்பாக நீக்கப்பட்டன. எனக்கு வயிறு எரிந்தது.

கம்பைலரின் வாயை அடைக்கவும் வழி உண்டு. ஒரு பகுதிக்கு 'அன்சேஃப்' என்று குறி போட்டால், இதற்கு நான் பொறுப்பு என்று பொருள். அத்தகைய பகுதிகளை இன்னொருவர் வரி வரியாகப் படிக்க வேண்டும் என்று விதி வைத்தவனே மாப்பிள்ளைதான். ஆள் இருப்பதைச் சொல்லும் சென்சாரைப் படிக்கும் இடத்தை நான் அப்படி எழுதினேன். திருப்பிக் கொடுத்த நினைவகத்தில் 'உள்ளே யாரும் இல்லை' என்ற பழைய தகவலே கிடக்கும்; இயந்திரம் அதையே படிக்கும்.

"நீங்க எழுதினத நான் என்னத்தப் பாக்குறது மச்சான்," என்று சிரித்துக்கொண்டே ஒப்புதல் கொடுத்தான்.

பொம்மையை உள்ளே வைத்துச் சோதிப்பதுதான் வழக்கம். சோதனை நாள் காலையில் இயந்திரத்தின் அருகே நாங்கள் இருவர்தான்; மேலாளர் இன்னும் வரவில்லை. உன் மொழிமேல் உனக்கே நம்பிக்கை இல்லையா என்று விளையாட்டாகக் கேட்டேன். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. பொம்மையை எடுத்துவிட்டு, தானே உள்ளே குனிந்தான்.

"அழுத்துங்க மச்சான். எறங்காது."

அழுத்தினேன். தோளெலும்பு முதலில் போனது, அடுத்து மண்டை. கார் கதவுக்கான அச்சின் வளைவுகளில் ரத்தம் ஓடி நிரம்பியது. அவசர நிறுத்தம் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. தட்டு இன்னொரு முறை இறங்கும்வரை அதை நான் தொடவில்லை.

சி மொழியாக இருந்தால், விசாரிக்க வந்த போலீஸ்காரர்களான நீங்கள் லட்சக்கணக்கான வரிகளில் துழாவியிருப்பீர்கள். இங்கே, குறி போட்ட இடத்தை மட்டும் பார்த்தீர்கள். மதியத்துக்குள் என்னிடம் வந்துவிட்டீர்கள். அந்த வகையில் ரஸ்ட்தான் மேல் என்று அவன் சொன்னது சரிதான்.

ஆனால் நான் சி மொழியில் எழுதிய எதுவும் இன்றுவரை ஒருவர் விரலைக்கூட நசுக்கியதில்லை. ஆள் செத்தது ரஸ்டில்தான். தங்கையிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவள் ஏன் என்னை அப்படிப் பார்த்தாள் என்றுதான் இன்னும் விளங்கவில்லை.